பன்றி வளர்த்தால் காது கேட்காமல் போகுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அண்ணன் ஆறு மாதமாக வெண்பன்றிப் பண்ணை நடத்துகிறார், அப்பாவும் பாதி நாள் கொட்டகையில்தான் இருக்கிறார், அவருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். பக்கத்து ஊரில் பன்றி வெட்டுகிற ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, உயிர் பிழைத்தும் இரண்டு காதும் போய்விட்டது. பன்றியால் வந்த மூளைக்காய்ச்சல் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். 'பன்றியிலிருந்து என்னென்ன பாக்டீரியா நோய் வரும், பண்ணையை மூடிவிடலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். நோய்ப் பட்டியல் கேட்பது போல இருந்தாலும், அந்த ஆளுக்கு வந்தது அப்பாவுக்கும் வந்துவிடுமோ என்பதுதான் உங்கள் பயம் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் கால்நடை மருத்துவர். இருபது வருடத்துக்கு மேல் ஆடு, மாடு, பன்றி என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன். மனிதர்களுக்கு என்ன மருந்து, எவ்வளவு என்பது என் வேலையில்லை, அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். விலங்கிலிருந்து மனிதருக்கு எந்த வழியாக வருகிறது, அந்த வழியை எப்படி அடைப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஊர்ப்பேச்சில் உள்ள குழப்பத்தைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும். நம்மூரில் 'பன்றிக் காய்ச்சல்' என்ற ஒரே பெயர் பல நோய்களுக்கு ஓடுகிறது. 2009இல் உலகம் முழுக்கப் பரவியது இன்ஃப்ளுயன்சா வைரஸ். அது பன்றியிலிருந்து கிளம்பியதுதான், ஆனால் அதற்கப்புறம் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது, பண்ணைக்கும் அதற்கும் சம்பந்தம் விட்டுப்போய்விட்டது. 2020இல் அசாமில் நுழைந்து பன்றிகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்கு வரவே வராது. அண்ணனின் முதலீட்டுக்குத்தான் அது எமன். ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் வைரஸ்தான். பன்றி உடம்பில் அது பெருகும், ஆனால் நமக்கு வருவது கொசுக்கடியால். நாடாப்புழு, மூளையில் கட்டி என்று பயமுறுத்துவது பாக்டீரியாவே அல்ல, புழு. மூளைக்குப் போகிற புழு பெரும்பாலும் இறைச்சியால் வருவதில்லை, வயிற்றில் நாடாப்புழு உள்ள மனிதரின் மலம் கலந்த தண்ணீராலும் காய்கறியாலும் வருகிறது. அதனால்தான் வாழ்நாளில் பன்றிக்கறி தொடாதவருக்கும் வருகிறது. இவை எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள்.

சரி, காது போன விஷயம். காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, பிறகு காது கேட்காமல் போவது, நோயாளி பன்றி வெட்டுகிறவர்: இந்த ஐந்தையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் துறையில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற பாக்டீரியா. லத்தீனில் சூயிஸ் என்றால் 'பன்றியினுடைய' என்று பொருள். அவருக்கு வந்தது இதுதான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. மற்ற பாக்டீரியாக்களால் வரும் மூளை உறை அழற்சியிலும், அதாவது மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கும் மூளைக்காய்ச்சலிலும், காது போகும். ஆனால் ஊரில் பேசிக்கொள்வது வெறும் கட்டுக்கதையும் இல்லை. மனிதருக்கு இது வரும் என்பது 1968இல் டென்மார்க்கில் எழுதி வைக்கப்பட்டது. 2013 கடைசி வரை உலகம் முழுவதும் மருத்துவ இதழ்களில் பதிவானவர்கள் 1,600 பேருக்கு மேல், பெரும்பாலும் வியட்நாம், தாய்லாந்து, சீனா. அந்தப் பதிவுகளை எல்லாம் கூட்டிப் பார்த்த ஓர் ஆய்வில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் இறந்திருந்தார்கள், மூளை உறை அழற்சி வந்தவர்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேருக்குக் காது பாதித்திருந்தது. காது ஏன் என்றால், மூளையைச் சுற்றியுள்ள நீருக்கும் உள்காதில் உள்ள நீருக்கும் நடுவே மெல்லிய பாதை ஒன்று இருக்கிறது. சீழ் அந்த வழியாகக் காதுக்குள் இறங்கிவிடுகிறது. கேட்கும் நரம்பிழைகளோடு உடம்பைச் சமநிலையில் வைக்கும் பகுதியும் அங்கேயே இருப்பதால், பலருக்குக் காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் நடை தள்ளாடும்.

இந்தப் பாக்டீரியா நோயாளிப் பன்றியிடம் மட்டும் இருப்பதில்லை என்பதைத்தான் பண்ணைக்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள். நன்றாகத் தின்று கொழுத்து, எந்தக் குறையும் இல்லாத பன்றியின் டான்சிலிலும் மூக்கிலும் இது குடியிருக்கும். தாய்ப்பன்றியிடமிருந்து குட்டிக்குப் பிறக்கும்போதே போய்விடும். உலகத்தில் பன்றி வளர்க்கும் இடங்களில் ஏறக்குறைய எல்லாப் பண்ணையிலும் ஏதோ ஒரு வகை சூயிஸ் உண்டு. அதில் பல வகைகள் இருக்கின்றன, மனிதரை அதிகம் தாக்குவது இரண்டாம் வகை. ஆகவே 'எங்கள் பண்ணையில் அந்தக் கிருமி இல்லை' என்று சான்றிதழ் வாங்கி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்காதீர்கள், அப்படிச் சான்றிதழ் தருகிறேன் என்று யாராவது வந்தால் காசும் கொடுக்காதீர்கள். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த பிறகு, கூட்டம் நெரியும்போது, கொட்டகையில் காற்றோட்டம் இல்லாதபோது, அதுவரை சும்மா இருந்த கிருமி குட்டியின் ரத்தத்துக்குள் இறங்கும். குட்டி தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும், பக்கவாட்டில் விழுந்து சைக்கிள் மிதிப்பது போலக் காலை உதைக்கும், மூட்டு வீங்கும், சில சமயம் காலையில் போய்ப் பார்த்தால் செத்துக் கிடக்கும். அண்ணனின் பண்ணையில் இப்படி நடந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது வழி. 2005 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 215 பேருக்கு இது வந்து 38 பேர் இறந்தார்கள். அந்த ஊர்களில் வீட்டுக்கு இரண்டு மூன்று பன்றி வளர்க்கும் சின்ன விவசாயிகள்தான் அதிகம். பன்றி சுணங்கும், சாகும். போட்ட காசு போகிறதே என்ற வயிற்றெரிச்சலில் அதை வீட்டு முற்றத்திலேயே வெட்டி, கறியைப் பங்கு போடுவார்கள். நோயாளிகள் ஏறக்குறைய எல்லோரும் அப்படி நோயுற்ற அல்லது செத்த பன்றியை அறுத்தவர்கள், கறியைக் கையாண்டவர்கள். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டியதற்கு அங்கே சான்று கிடைக்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது மூளைக்காய்ச்சல்கூட இல்லை, ரத்தத்தில் நஞ்சேறி ஓரிரு நாளில் உடம்பு சரிந்துவிடும் வகை. அரசு செய்ததும் எளிமையானதுதான்: நோயுற்ற பன்றியை வெட்டாதே, தின்னாதே, விற்காதே, புதை என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். சிச்சுவானைப் படித்தபோது எனக்கு வேறு நாட்டுக் கதை போலவே தோன்றவில்லை. 'டாக்டர், இது தேறாது போல இருக்கு, வெட்டிவிடலாமா' என்ற கேள்வியை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

வியட்நாமில் இன்னொரு வழி. அங்கே தியெத் கான் என்று ஒரு பண்டம் உண்டு. பன்றியின் பச்சை ரத்தத்தில் மீன் சாறு கலந்து, பொடியாக நறுக்கிய இறைச்சியின் மேல் ஊற்றி உறைய வைத்து, வேர்க்கடலையும் தழையும் தூவி உண்பார்கள். சிவப்பு நல்ல சகுனம் என்பதால் புத்தாண்டு நேரத்தில் கிராக்கி அதிகம். தெற்கு வியட்நாமில் பெரியவர்களுக்கு வரும் பாக்டீரியா மூளை உறை அழற்சிக்கு முதல் காரணமே இந்த சூயிஸ்தான். நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் அங்கே ஒப்பிட்டுப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் தெளிவாக வெளியே வந்தன: பச்சையாகவோ அரைவேக்காடாகவோ பன்றி ரத்தம், உறுப்புகள் தின்பது, பன்றியோடு தொழில் செய்வது, கையில் காயத்தோடு பன்றிக்கறியைக் கையாள்வது. வெறும் கறி சமைப்பது அந்தப் பட்டியலில் இல்லை. பச்சை ரத்தம் நம் பக்கத்து வழக்கம் இல்லை, ரத்தத்தைப் பொரியலாக வதக்கித்தான் சாப்பிடுகிறோம், ஆக அந்தக் கதவு நமக்கு ஏற்கெனவே மூடியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது இறைச்சியின் உள்பகுதி 70 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும் என்று. நம் வீட்டில் குக்கர் நான்கைந்து விசில் அடிக்கும்போது அதையெல்லாம் தாண்டிவிடும். மிச்சமிருக்கும் கதவு கத்தியும் காயமும்தான்.

அந்தக் கதவு எவ்வளவு பெரியது? நெதர்லாந்தில் 1980களில் கணக்கிட்டபோது, இறைச்சிக்கூடத் தொழிலாளர், பன்றி வளர்ப்பவர் நடுவே ஆண்டுக்கு லட்சம் பேரில் மூன்று பேருக்கு வந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ ஆயிரத்து ஐநூறு மடங்கு, எண்ணிக்கையாகப் பார்த்தால் மிக அரிது. இரண்டும் உண்மை. இந்தியாவில் மருத்துவ இதழ்களில் ஒன்றிரண்டாக நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், மிகக் குறைவுதான். ஆனால் அந்த எண்ணிக்கையை நான் முழுக்க நம்ப மாட்டேன். சாதாரண ஆய்வகச் சோதனையில் இந்தக் கிருமி வேறு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளைப் போலவே தெரியும், நிமோனியா கிருமி என்றோ வாயில் சாதாரணமாக இருக்கும் விரிடான்ஸ் வகை என்றோ எழுதிவிடுவார்கள். பல நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே ஏதாவது ஆன்டிபயாட்டிக் ஊசி விழுந்திருக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஒன்றுமே வளராது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு, யாரும் வெளியே பேசுவதில்லை. டாக்டர் 'என்ன தொழில்' என்று கேட்டால் 'விவசாயம்' என்போம். பன்றி வளர்க்கிறேன், பன்றி வெட்டுகிறேன் என்று நம்மூரில் நாலு பேர் நிற்கும் வார்டில் சொல்ல வாய் வராது. ஏன் வராது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சாதியும் ஏளனமும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாட்டுப் பண்ணை என்று கூசாமல் சொல்கிறவர்கள் இதை மட்டும் முழுங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு தகவல் சிகிச்சையையே மாற்றலாம். இந்தக் கிருமி பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்ற பழைய மருந்துகளுக்குப் பெரும்பாலும் கட்டுப்படும், சீக்கிரம் தொடங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. வியட்நாம் டாக்டர்கள் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில், சூயிஸ் நோயாளிகளில் காது போனவர்களின் பங்கு, அந்த மருந்து பெறாதவர்களோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. அந்த மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பது டாக்டர் முடிவு. அவர் அதை யோசிக்க வேண்டுமானால் பன்றி என்ற சொல் அவர் காதில் விழ வேண்டும். ஆகவே அண்ணனுக்கோ அப்பாவுக்கோ குளிரோடு காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால், அல்லது காதில் திடீரென இரைச்சல் கேட்டால், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் கேட்காவிட்டாலும் 'எங்களுக்குப் பன்றிப் பண்ணை இருக்கிறது' என்று முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

மற்ற பாக்டீரியாக்களைப் பற்றியும் கேட்டீர்கள். எரிசிபெலோத்ரிக்ஸ் என்று ஒன்று. பன்றியின் தோலில் சாய்சதுரமாகச் சிவந்த தடிப்பு வரும், அதைத் தொட்டு அறுப்பவரின் விரலில் ஊதா கலந்த சிவப்பாக வீங்கும். எனக்கே வந்திருக்கிறது. ஒரு போஸ்ட்மார்ட்டத்தில் கையுறை கிழிந்ததைக் கவனிக்காமல் வேலையை முடித்தேன், மூன்றாம் நாள் ஆள்காட்டி விரல் கத்திரிக்காய் நிறத்தில் நின்றது, பார்க்கச் சின்ன வீக்கம், வலி மட்டும் உயிர் போகும். பென்சிலினில் ஒரு வாரத்தில் அடங்கியது. மிக அபூர்வமாக இது இதய வால்வு வரை போகும் என்பதால் அலட்சியம் கூடாது. புருசெல்லா, கருச்சிதைந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்பதால் வரலாம், விட்டுவிட்டு வரும் காய்ச்சலாக மாதக்கணக்கில் இழுக்கும். நெதர்லாந்தில் 2000களின் நடுவில் ஒரு பன்றிப் பண்ணைக் குடும்பத்தின் கைக்குழந்தையிடம் வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருப்பதைப் பார்த்துவிட்டு, 26 பன்றி விவசாயிகளின் மூக்கைச் சோதித்ததில் ஆறு பேரிடம் அதே வகை இருந்தது. அவர்களுக்கு நோய் இல்லை, சுமந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் பொடியைக் கண்மூடித்தனமாகக் கொட்டினால் இப்படித்தான் ஆகும். கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுப்பதை 2019இல் இந்தியா தடை செய்ததும் இந்தப் பயத்தில்தான். அண்ணனிடம் 'வளர்ச்சிக்கு நல்லது' என்று சொல்லி யாராவது ஒரு பாக்கெட்டை விற்றிருந்தால் அதன் லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1988 கடைசியில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பதினைந்து குழந்தைகளுக்கு யெர்சினியா என்ற கிருமியால் ரத்தபேதி போன்ற வயிற்றுப்போக்கு வந்தது. பெரும்பாலும் கைக்குழந்தைகள், பன்றிக்குடலை வாயில் வைத்ததே இல்லை. பண்டிகைச் சமையலுக்காக வீட்டில் பன்றிக்குடலைக் கழுவிக்கொண்டிருந்த கை, இடையில் எழுந்து குழந்தைக்குப் பால் புட்டி கொடுத்திருந்தது. நம் வீடுகளில் குடல் கழுவுவது யார், குழந்தையைத் தூக்குவது யார் என்று பார்த்தால் இரண்டும் ஒரே ஆளாகத்தான் இருக்கும். அன்றைக்கு ஒரு நாள் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். கைக்காயம் வழியாக சூயிஸ் வரும் என்பது ஆய்வில் உறுதியானது. காலில் உள்ள சர்க்கரைப் புண் வழியாக வரும் என்பது என் ஊகம், ஆனாலும் வெடித்த தோல் எங்கிருந்தாலும் கிருமிக்கு வாசல்தான். காலைப் பொறுத்தவரை ஊகம் தேவையில்லாத இன்னொரு நோய் இருக்கிறது, எலிக்காய்ச்சல். பெயரில் எலி இருந்தாலும் பன்றியின் சிறுநீரிலும் அந்த நோயின் கிருமியான லெப்டோஸ்பைரா வரும், கொட்டகைத் தரையில் தேங்கும் தண்ணீர் வழியாக வெடிப்பு விட்ட காலில் ஏறும், கொட்டகைக்கு வரும் எலி தன் பங்கையும் சேர்க்கும். சர்க்கரை உள்ளவருக்கு எந்தத் தொற்றும் கொஞ்சம் வேகமாகப் பரவும். 'கம்பூட் வாங்கிக் கொடுத்துவிட்டோம்' என்று பலர் திருப்திப்பட்டுக்கொள்வார்கள். உணர்ச்சி மரத்த காலுக்குக் கம்பூட்டே புதுப் புண்ணை உண்டாக்கும், வியர்வையில் ஊறி, உரசி, கொப்புளம் உடைந்தும் அவருக்குத் தெரியாது. ஆகவே புண் ஆறி, கால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை அப்பா கொட்டகைக்குள் இறங்க வேண்டாம். தீவனக் கணக்கு, வியாபாரியோடு பேரம், வாசலில் வருகிற வண்டிகளைக் கவனிப்பது என்று வெளியே எவ்வளவோ வேலை இருக்கிறது. இத்தனை நாள் உள்ளே இருந்தவரை வெளியே உட்காரச் சொன்னால் கோபப்படுவார், அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

அண்ணனுக்கு: பண்ணையை மூட வேண்டியதில்லை. கையில் வெட்டோ கீறலோ இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரியும் மேலே கையுறையும் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குட்டிகளுக்கு ஊசிப்பல் வெட்டும்போதும் காயடிக்கும்போதும் கட்டாயம் கையுறை, அந்த நேரத்தில்தான் பல்லும் கத்தியும் விரலில் படும். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றைய தேதியைச் சுவரில் குறித்து வைக்கட்டும், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் சொல்ல உதவும். சூயிஸ் பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் முகத்தைக் காட்டிவிடும். ஓட்டல் கழிவைக் கொடுப்பதாக இருந்தால் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும். செத்த பன்றியை அறுக்கக் கூடாது, வியாபாரிக்குக் கொடுக்கக் கூடாது, நாய்க்கும் போடக் கூடாது. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். ஏன் செத்தது என்று தெரிய வேண்டுமானால் கால்நடை மருத்துவரை வரவழைத்து அறுக்கச் சொல்லுங்கள், அது எங்கள் வேலை.

கடைசியாக, பக்கத்து ஊர்க்காரர். அவர் வீட்டுக்குப் போக முடிந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பாருங்கள். முதுகில் எடுத்த நீரின் கல்ச்சரிலோ ரத்தக் கல்ச்சரிலோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஏதாவது எழுதியிருந்தால், எந்த வகை என்று அந்த ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் கேட்கச் சொல்லலாம். அதைவிட அவசரமானது வேறு ஒன்று. மூளை உறை அழற்சிக்குப் பிறகு உள்காது சிலருக்குச் சில வாரங்கள், மாதங்களிலேயே எலும்பாக இறுகத் தொடங்கும், இறுகிவிட்டால், கேட்க உதவுவதற்காக உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்துவது கடினம். 'உடம்பு தேறட்டும், அப்புறம் காதைப் பார்க்கலாம்' என்று அவர் வீட்டில் காத்திருந்தால், காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். அவருக்குக் காது கேட்காது என்பதால் எழுதிக் காட்டுங்கள், அல்லது வீட்டில் வேறு யாரிடமாவது சொல்லுங்கள்.